கேட்பவருக்குச் சம்பளம் எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனுக்கு வடக்கே, டோங்காட் என்றொரு ஊர் இருக்கிறது. 1894-ல் நேட்டால் இந்திய காங்கிரஸ் தொடங்கப்பட்டதும் சந்தா திரட்ட ஊர் ஊராகப் போன குழு ஒன்று அங்கும் போனது. குழுவில் 25 வயதை ஒட்டிய பாரிஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி. அன்றைக்கு அவர்களை வீட்டில் தங்கவைத்த வணிகரிடம் குழு எதிர்பார்த்தது 6 பவுண்ட். அவரோ 3 பவுண்டுக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார். அதை வாங்கிக்கொண்டு எழுந்திருந்தால் மற்ற வணிகர்களும் அதே தொகையைப் பிடித்துக்கொள்வார்கள், வசூல் பாதியாகப் படுத்துவிடும். இரவு வெகுநேரமாகிவிட்டது, எல்லாருக்கும் பசி. ஆனாலும் யாரும் சாப்பிட எழவில்லை. ஊரிலிருந்த மற்ற வணிகர்களும் சேர்ந்து பேசிப்பார்த்தார்கள். குழுவில் பலருக்கு உள்ளுக்குள் கோபம் கொதித்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டார்கள். இரவு முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். விடியும் வேளையில் வணிகர் மனமிறங்கி 6 பவுண்டை எடுத்து வைத்தார், எல்லாருக்கும் விருந்தும் போட்டார். காந்தியே 'சத்திய சோதனை'யில் எழுதிவைத்திருக்கும் நிகழ்ச்சி இது.

அந்த அத்தியாயத்தில் இதைவிட முக்கியமான செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. பெற்ற ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுத்தது, செலவான ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதியது, கடன் வாங்கிப் பொதுவேலை செய்வதில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தது, 1894-ம் ஆண்டின் கணக்குப் புத்தகங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே கிடைக்கும் என்று நம்பிச் சொன்னது என எல்லாம் அங்கே இருக்கின்றன. யாரிடம் எவ்வளவு கேட்கலாம், முதலில் யாரிடம் போகவேண்டும், ஒருவர் கொடுப்பது அடுத்தவரை எப்படிப் பாதிக்கும், வாங்கியபின் எப்படிக் கணக்குக் காட்டவேண்டும் என்ற நான்கும் இன்று உலகெங்கும் நிதி திரட்டும் துறையில் பாடமாகச் சொல்லித்தரப்படுபவை. பொதுக்காரியத்துக்குப் பணம் கேட்பது ஒரு திறமை என்பதையும், அந்தத் திறமையும் நாணயமும் ஒன்றாக வளரவேண்டியவை என்பதையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பக்கங்கள் அரிது.

ஆனால் அந்தத் திறமையைத் தொழிலாகக் கொண்ட ஒருவரை இன்றைக்கு நாம் எப்படிப் பார்க்கிறோம்? சென்னையிலோ கோவையிலோ ஒரு மால் வாசலில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக, 'ஒரு நிமிஷம் சார்' என்று அழைக்கும் இளைஞரைக் கண்டால் நடையை எட்டிப்போடுகிறோம். நின்று கேட்பவர்களும் குழந்தைகளின் படிப்பைப் பற்றியோ முதியோர் மருத்துவத்தைப் பற்றியோ அதிகம் கேட்பதில்லை. 'இதில் உனக்கு எவ்வளவு?' என்பதுதான் முதல் கேள்வி. தொண்டு நிறுவனத்தில் மருத்துவர் சம்பளம் வாங்கலாம், ஆசிரியர் வாங்கலாம், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் வாங்கலாம். அந்தச் சம்பளங்களுக்கெல்லாம் பணம் கொண்டுவருபவர் மட்டும் வாங்கக்கூடாது என்று நம் மனத்தில் எங்கோ பதிந்திருக்கிறது. இந்த எண்ணம் ஏழைகளின் பணத்தைக் காப்பாற்றுகிறது என்று பலரும் உண்மையாகவே நம்புகிறார்கள். என் வாதம் இதற்கு நேர்மாறானது. இந்த எண்ணம் நல்ல நிறுவனங்களை மெலியவைக்கிறது, மோசடிக்காரர்களுக்கு மறைவிடம் தருகிறது, நேர்மையான நிதி திரட்டுபவர்கள் இந்தத் துறையில் நிலைத்து வளரவிடாமல் விரட்டுகிறது.

முதலில் நிறுவனங்கள் மெலிவதைப் பார்க்கலாம். பொதுமக்களின் சந்தேகம் வெறும் பேச்சாக நின்றுவிடுவதில்லை, அது சட்டத்துக்குள்ளும் போய்விடுகிறது. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. 2020-ல் வந்த திருத்தம் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்றது. அந்த சி.எஸ்.ஆர். விதிகளில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருக்கிறது. சட்டத்தின் வாசகப்படி அந்த 5 சதவீதம் பணம் தரும் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்கு அது பொருந்தாது. நடைமுறையில் பல கம்பெனிகள் அதே அளவுகோலைத் தொண்டு நிறுவனத்தின் தலையிலும் வைக்கின்றன. அலுவலக வாடகை, கணக்கர், ஆடிட்டர், கம்ப்யூட்டர், நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதும் ஊழியர் எல்லாரும் அந்த 5 சதவீதத்துக்குள் அடங்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

அடங்குமா? பிரிட்ஜ்ஸ்பான் என்ற ஆலோசனை அமைப்பு இந்தியத் தொண்டு நிறுவனங்களைப் பற்றி 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கருத்துக்கணிப்பில் பங்கேற்ற 388 நிறுவனங்களில் 83 சதவீதம், இத்தகைய மறைமுகச் செலவுகளுக்குப் பணம் கிடைக்காமல் திணறுவதாகச் சொன்னது. ஓரளவு வசதியுள்ள 40 நிறுவனங்களின் கணக்குகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, மொத்தச் செலவில் மறைமுகச் செலவின் பங்கு 5 சதவீதம் முதல் 51 சதவீதம் வரை விரிந்து கிடந்தது. நடுமதிப்பு 19 சதவீதம். இந்த விரிவைக் கவனிக்கவேண்டும். அரிசி மூட்டை வாங்கி விநியோகிக்கும் நிறுவனத்துக்கும் மனநல ஆலோசனை தரும் நிறுவனத்துக்கும் செலவின் அமைப்பே வேறு. முதலாவதில் பெரும்பணம் பொருளுக்குப் போகும். இரண்டாவதில் பெரும்பணம் மனிதர்களுக்கும் அவர்களின் பயிற்சிக்கும் போகும். இரண்டையும் ஒரே சதவீதத்தால் அளந்தால் மனநல நிறுவனம் ஊதாரியாகத் தெரியும்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் 2009-லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டின் சமூகப் புதுமை இதழில் ஆன் காகின்ஸ் கிரிகரி, டான் ஹோவர்ட் இருவரும் எழுதிய கட்டுரை அதைப் பட்டினிச் சுழற்சி என்றது. நன்கொடையாளர் நடைமுறைக்கு ஒவ்வாத அளவு குறைந்த நிர்வாகச் செலவை எதிர்பார்க்கிறார். அவரை இழக்கக்கூடாது என்று நிறுவனம் செலவைக் குறைக்கிறது, அல்லது குறைந்ததாகக் கணக்கில் காட்டுகிறது. அந்தக் கணக்கைப் பார்த்த நன்கொடையாளர், இவ்வளவில் முடியும்போலிருக்கிறதே என்று அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். 2013 ஜூன் மாதத்தில், தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டுப் பொதுமக்களுக்குச் சொல்லும் மூன்று பெரிய அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து நாட்டின் நன்கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகியவை அவை. நிர்வாகச் செலவின் சதவீதத்தை வைத்து மட்டும் ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்பது கடிதத்தின் சாரம். இத்தனை காலம் அந்தச் சதவீதத்தைப் பட்டியலிட்டுப் பழக்கியவர்களே இப்படி எழுதினார்கள் என்பதால் இந்தக் கடிதத்துக்குக் கனம் அதிகம்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு டான் பலோட்டா என்ற அமெரிக்கர் ஆற்றிய டெட் உரை உலகம் முழுக்கப் பரவியிருந்தது. எய்ட்ஸ் நிவாரணத்துக்கு நெடுந்தூர சைக்கிள் பயணங்களையும் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு 3 நாள் நடைப்பயணங்களையும் நடத்திப் பணம் திரட்டிக்கொடுத்த நிறுவனம் அவருடையது. 2002-ல், செலவெல்லாம் போக மார்பகப் புற்றுநோய்க்கு மட்டும் 7.1 கோடி டாலர் மிஞ்சியது என்கிறார். திரண்ட பணத்தில் 40 சதவீதம் விளம்பரத்துக்கும் ஏற்பாட்டுக்கும் போனது என்பது பெரிய சர்ச்சையானது. கூட்டாளிகள் விலகினார்கள், நிறுவனம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஆய்வுக்குக் கிடைத்த நிகரத் தொகை 84 சதவீதம் சரிந்தது என்று அவர் சொல்கிறார். இது பாதிக்கப்பட்டவரே சொல்லும் கணக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அவர் எழுப்பும் கேள்வி மட்டும் அதனால் பலவீனமாகிவிடாது. 5 சதவீதச் செலவில் 1 லட்சம் திரட்டுவது மேலா, 40 சதவீதச் செலவில் 1 கோடி திரட்டுவது மேலா? முதல் வழியில் நோயாளிக்கு 95,000 ரூபாய் போய்ச் சேரும். இரண்டாவதில் 60 லட்சம் போய்ச் சேரும். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் முதலாவதையே தேர்ந்தெடுப்பார்.

கொடுப்பவரின் மனம் இதில் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2014-ல் 'சயன்ஸ்' இதழில் யூரி க்னீஸியும் சக ஆய்வாளர்களும் ஒரு களச் சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கல்வி உதவிக்காக 40,000 பேருக்குக் கடிதம் போனது. அவர்களை நான்கு சமக் கூட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாதாரண வேண்டுகோள். இரண்டாவது கூட்டத்திடம், ஒரு பெரிய கொடையாளர் ஏற்கெனவே 20,000 டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்திருக்கிறார் என்று சொன்னார்கள். மூன்றாவது கூட்டத்திடம், நீங்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் அவர் இன்னொரு டாலர் தருவார் என்றார்கள். நான்காவது கூட்டத்திடம், அவருடைய பணம் நிர்வாகச் செலவை முழுக்க ஏற்றுக்கொண்டுவிட்டது, உங்கள் பணம் அப்படியே மாணவர்களுக்குப் போகும் என்றார்கள். சாதாரண வேண்டுகோளுக்கு 3.36 சதவீதம் பேர் கொடுத்தார்கள், நான்காவதற்கு 8.55 சதவீதம் பேர். நடுவிலிருந்த இரண்டும் 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நிர்வாகச் செலவு இருப்பது மக்களை உறுத்தவில்லை, அது தன் காசிலிருந்து போவதுதான் உறுத்துகிறது என்று இதைப் படிக்கலாம். தான் கொடுத்த நூறு ரூபாய் ஒரு பிள்ளையின் கைக்குப் போயிருக்கும் என்று நினைக்க விரும்புவது குற்றமில்லை, அது இயல்பான ஆசை. அதனால்தான், பெரிய கொடையாளர் சிலரும் கம்பெனிகளும் முன்வந்து நிர்வாகச் செலவைத் தாங்கிக்கொண்டால் சாதாரண மக்களின் கொடையும் பெருகும் என்பது இந்தச் சோதனை தரும் நடைமுறை வழி. நம் நாட்டில் நடப்பது தலைகீழாக இருக்கிறது. பெரிய பணம் வைத்திருப்பவர்கள்தான் நிர்வாகச் செலவுக்குக் காசு தர முதலில் மறுக்கிறார்கள்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. மோசடி நடக்கிறதே, சந்தேகப்படாமல் எப்படி இருப்பது என்பார்கள். நடக்கத்தான் செய்கிறது. 2015 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய்த் தொண்டு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தன. 2008 முதல் 2012 வரை அவை மக்களிடம் திரட்டியது 18.7 கோடி டாலர். நோயாளிகளுக்குப் போனது 3 சதவீதம்கூட இல்லை என்பது குற்றச்சாட்டு. மீதிப் பணம் நிர்வாகிகளின் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் போனது. கமிஷனுக்கு வேலை செய்த தனியார் வசூல் நிறுவனங்கள் பல சமயம் ஒவ்வொரு நன்கொடையிலும் 85 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டன. இதைக் கேட்ட எவருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் இத்தனை ஆண்டு அவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று பார்க்கவேண்டும். வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட நன்கொடைப் பொருட்களின் மதிப்பைக் கணக்கில் பெருக்கிக் காட்டினார்கள் என்று ஆணையம் சொன்னது. அதனால் 'சேவைக்கான செலவு' வானளவு உயர்ந்தது, நிர்வாகச் செலவின் சதவீதம் சின்னதாகத் தெரிந்தது. நாம் பாதுகாப்பு என்று நம்பிய அளவுகோலையே அவர்கள் முகமூடியாகப் போட்டுக்கொண்டார்கள். சதவீதத்தை மட்டும் கேட்கும் சமூகத்தில் சதவீதத்தைத் தயாரித்துக் கொடுப்பது எளிது. நேர்மையான நிறுவனம் 22 சதவீதம் என்று உண்மையை எழுதும், ஏமாற்றுகிற நிறுவனம் 4 சதவீதம் என்று எழுதும். நம் பணம் இரண்டாவதற்குப் போகும்.

இந்த வழக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே பெரும்பணத்தை விழுங்கியது கமிஷன் முறை. நிதி திரட்டுவதை மதிப்புள்ள தொழிலாக வளர்க்க முயன்றவர்கள் நெடுங்காலமாக எதிர்த்துவருவதும் அதே முறையைத்தான். அமெரிக்காவில் 1960-ல் நிதி திரட்டுபவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது, இன்று அதன் பெயர் அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் புரொஃபஷனல்ஸ். திரட்டிய தொகையில் இத்தனை சதவீதம் என்று ஊதியம் பெறக்கூடாது என்பது அதன் நெறிமுறையின் தூண்களில் ஒன்று. காரணம் எளிமையானது. கமிஷன் வாங்குபவருக்கு, இன்று தயங்கும் முதியவரிடம் இன்றே பணம் பறிப்பதில் லாபம். ஐந்து ஆண்டு பழகி, அவர் தாமாக முன்வந்து தன் உயிலில் நிறுவனத்தை எழுதும்வரை காத்திருப்பதில் அவருக்கு ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு அந்தப் பொறுமை சாத்தியம். ஆகவே 'சம்பளம் வாங்குகிறார்' என்று குறைசொல்லும்போது நாம் தவறான இடத்தில் கைவைக்கிறோம். மால் வாசலில் நிற்கும் இளைஞரிடம் 'உனக்கு எவ்வளவு?' என்று கேட்பதைவிட, 'உன் சம்பளம் நிலையானதா, ஆள் பிடித்தால்தானா?' என்று கேட்பது ஆயிரம் மடங்கு பயனுள்ள கேள்வி.

மோசடியே இல்லாமலும் நம்பிக்கை உடையலாம் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2015 மே மாதத்தில் பிரிஸ்டல் நகரில் 92 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். பல பத்தாண்டுகளாகப் போர்வீரர் நினைவுக்கான பாப்பிப் பூக்களை விற்று நிதி திரட்டிய அவர், தொண்டு நிறுவனங்களிடமிருந்து வரும் கடிதங்களால் திணறியிருந்தார் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அவருடைய மரணத்துக்கு அந்தக் கடிதங்கள் காரணமல்ல என்று குடும்பத்தினரே சொன்னார்கள். ஆனாலும் விசாரணை அறிக்கை வந்தபோது யாரும் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. 99 தொண்டு நிறுவனங்களிடம் அவருடைய விவரங்கள் இருந்தன, ஒரே ஆண்டில் ஏறத்தாழ 466 கடிதங்கள் வந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அவருடைய முகவரியை வேறொருவரிடமிருந்து பெற்றிருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிறுவனமும் அனுப்பியது ஆண்டுக்குச் சில கடிதங்கள்தான். எல்லாம் சேர்ந்து விழுந்த இடம் ஒரு முதியவரின் வாசல். டோங்காட்டில் இரவு முழுக்கப் பட்டினி உட்கார்ந்ததைக்கூட இன்றைய நெறிமுறை ஏற்காது, முறையற்ற அழுத்தம் என்றுதான் சொல்லும். கேட்பவரின் நோக்கம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், கேட்கப்படுபவரின் நிம்மதி தனி உரிமை என்ற புரிதல் அதற்குப் பிந்தைய காலம் நமக்குத் தந்த முன்னேற்றம்.

இங்கிலாந்தில் அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். இனி யாரும் நன்கொடை கேட்கக்கூடாது என்றோ, கேட்பவருக்குச் சம்பளம் கூடாது என்றோ அவர்கள் முடிவெடுக்கவில்லை. ஒரு குழு அமைத்து ஆராய்ந்தார்கள். 2016 ஜூலையில் நிதி திரட்டலுக்கென்றே தனி ஒழுங்குமுறை அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டு, எந்தத் தொண்டு நிறுவனம் இனித் தன்னை அணுகக்கூடாது என்று ஒரு குடிமகன் பதிந்துவைக்கும் வசதி வந்தது. நன்கொடையாளர்களின் சொத்து விவரங்களை அவர்களுக்குத் தெரியாமல் அலசியதற்காகப் பெயர்பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கே தகவல் பாதுகாப்பு ஆணையர் அபராதம் விதித்தார். இத்தனைக்கும் பிறகு, 2020-ல், அந்நாட்டின் நிதி திரட்டுபவர் சங்கத்துக்கு அரச சாசன அங்கீகாரம் கிடைத்தது. கணக்காளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் உள்ள அதே வகை அங்கீகாரம் அது. கண்டனத்தின் உச்சியிலிருந்து ஐந்தே ஆண்டுகளில் அங்கீகாரத்துக்கு அவர்கள் வந்த வழி, விதிகளை ஏற்றதும் தப்பைத் தப்பென்று ஒப்புக்கொண்டதும்தான்.

இந்தியாவில் இந்தப் பாதை இன்னும் போடப்படவில்லை. நிதி திரட்டுவதற்கென்று படித்து வருபவர் இங்கே குறைவு. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துக் களப்பணிக்கு வந்தவர், ஆங்கிலம் நன்றாக எழுதுகிறார் என்பதற்காக டோனர் அறிக்கை எழுதும் மேசைக்கு மாற்றப்படுகிறார். விற்பனைத் துறையிலிருந்து வருபவருக்கு எண்களின் இலக்கு தெரியும், களம் தெரியாது. ஆனால் இன்று இந்த வேலை கேட்கும் அறிவு சாதாரணமானதல்ல. 80ஜி வரிச்சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது என்பது தெரியவேண்டும். 2021-22 முதல் ஒவ்வொரு நன்கொடையாளரின் விவரத்தையும் நிறுவனமே வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து சான்றிதழ் தரவேண்டும் என்பது தெரியவேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தச் சலுகையே இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பணம் எந்த வங்கிக் கணக்கில் வரவேண்டும், அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்கக்கூடாது என்ற சட்டம் புரியவேண்டும். இத்தனைக்கும் மேலாக, ஒரு குழந்தையின் துயரத்தை அந்தக் குழந்தையின் மானம் கெடாமல் எழுதத் தெரியவேண்டும். அழுகிற முகத்தை அருகில் பிடித்துப் போடும் படம் உடனே பணம் கொண்டுவரும், அந்தக் குழந்தைக்கு நாளை பள்ளியில் என்ன நேரும் என்று யோசிப்பவர்தான் தொழில் தெரிந்தவர்.

வளர்ச்சிக்கு வழியில்லாத வேலையில் ஆட்கள் தங்கமாட்டார்கள். அமெரிக்காவிலேயே, பயிற்சியும் சான்றிதழும் பல்கலைக்கழகப் படிப்பும் இருக்கும் நாட்டிலேயே, 2013-ல் காம்பஸ்பாயிண்ட் வெளியிட்ட ஆய்வில் நிதி திரட்டும் பிரிவுத் தலைவர்களில் பாதிப் பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வேலையை விட்டுவிடப்போவதாகச் சொன்னார்கள். கடினமான இலக்கை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, நிர்வாகக் குழுவும் தலைவரும் தாங்கள் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம் என்று ஒதுங்கிக்கொள்வது அந்த ஆய்வு காட்டிய நோய்களில் ஒன்று. 2018-ல் மேற்சொன்ன அமெரிக்கச் சங்கம் நடத்திய கருத்துக்கணிப்பில் பெண் நிதி திரட்டுபவர்களில் நான்கில் ஒருவர் பணியில் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்னார். தொல்லை தந்தவர்களில் பெரும்பகுதி நன்கொடையாளர்கள். பணம் கொடுப்பவர் எப்போதும் உயர்ந்தவர், கேட்பவர் எப்போதும் தாழ்ந்தவர் என்ற பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த எண் சொல்லிவிடுகிறது. ஒருவர் போய்விட்டால் அவரோடு நன்கொடையாளர்களின் நம்பிக்கையும் போய்விடுகிறது. தெருவில் சேர்க்கப்படும் மாதச் சந்தாதாரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முதல் ஆண்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பது பல நாடுகளின் அனுபவம். பணம் வாங்கியபின் பேச ஆளில்லாத இடத்தில் யார் தொடர்ந்து கொடுப்பார்?

சம்பளமில்லாத தொண்டர்களே இதைச் செய்யலாமே என்ற வாதத்துக்கு உரிய மரியாதை தரவேண்டும், ஏனென்றால் தமிழர்களுக்கு அதில் பெருமைக்குரிய வரலாறு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்கத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள், 2018-ல் இலக்கு நிறைவேறியது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அப்படித்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியில் இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி வழியாக உருவாகி, 1954-ல் 12 படுக்கைகளோடு திறந்தது. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. இருக்கைக்கான வசூலுக்கு ஓர் இலக்கு இருந்தது, ஒரு முடிவும் இருந்தது. ஒரு மருத்துவமனைக்கு அடுத்த மாதமும் மருந்து வேண்டும், அதற்கடுத்த மாதமும் வேண்டும். உணர்ச்சி பொங்கும் ஒரு காலகட்டத்தில் தொண்டர்கள் மலையைப் புரட்டுவார்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும், செய்தியில் வராத நோய்க்கும், பெயர் பொறிக்க இடமில்லாத செலவுக்கும் பணம் கொண்டுவர ஒருவர் தினமும் காலையில் அலுவலகம் வந்தாகவேண்டும்.

காந்தி சம்பளம் வாங்கினாரா என்று கேட்கலாம். பொதுவேலைக்குப் பணம் பெறமாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றது உண்மை. ஆனால் அவர் நேட்டாலில் தங்கி வாழ வழிசெய்தது, ஏறத்தாழ இருபது வணிகர்கள் தங்கள் வழக்குகளுக்கென்று முன்கூட்டியே கொடுத்த வக்கீல் கட்டணம். காங்கிரசின் மாதச் சந்தா வசூல் பெருகியபோது, தன் அலுவலக எழுத்தரை நாள் முழுக்க அந்த வேலைக்கே அனுப்பவேண்டியிருந்தது, அந்த மனிதர் அலுத்துப்போனார், அதனாலேயே மாதச் சந்தாவை ஆண்டுச் சந்தாவாக மாற்ற நினைத்தேன் என்று அவரே எழுதுகிறார். செலவு இல்லாமல் போய்விடவில்லை. இன்னொருவர் தாங்கினார், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற அதிகாரி ஓய்வூதியத்தின் பலத்தில் தொண்டு செய்கிறார். வசதியான வீட்டுப் பெண் குடும்ப வருமானத்தின் பலத்தில் செய்கிறார். சம்பளமே கூடாது என்றால் வசதி உள்ளவர்கள் மட்டுமே இந்த வேலைக்கு வரமுடியும். ஒரு தலித் குடியிருப்பிலிருந்து படித்து வந்த பெண், தன் மக்களின் தேவையைத் தன் வாயால் எடுத்துச்சொல்லி நிதி கேட்கும் நிலை ஒருநாளும் வராது. எனக்கு இந்த விவாதத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

கோயில் உண்டியலுக்கு யாரும் கேட்காமலே கொடுக்கிறோமே என்பார்கள் சிலர். அசோகா பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு, 2020-21-ல் இந்தியக் குடும்பங்கள் கொடுத்த கொடை சுமார் 23,700 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு மத அமைப்புகளுக்குப் போனது. நம் மக்களுக்குக் கொடுக்கும் மனம் குறைவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் கோயிலுக்குக் கேட்பவர் இல்லை என்பது சரியல்ல. திருப்பணிக் குழு வீடு வீடாகப் போகிறது, ரசீது போடுகிறது, ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிறது, கும்பாபிஷேகத்துக்கு அழைக்கிறது. கொடுத்தவர் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கிறார், தன் பணம் நிற்பதைக் காண்கிறார். ஒரு சிறுமி எட்டாம் வகுப்போடு நிற்காமல் படித்ததை அப்படி நிமிர்ந்து பார்க்கமுடியாது. யாராவது தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். ஏர் இந்தியாவில் பர்சராக இருந்த ரிப்பன் கபூர், நண்பர்களோடு 1979-ல் 50 ரூபாயை வைத்துத் தொடங்கிய கிரை என்ற குழந்தைகள் நல அமைப்பு, வாழ்த்து அட்டைகளை விற்றே லட்சக்கணக்கான நடுத்தர வீடுகளுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோனது. அச்சு, விநியோகம், கணக்கு என்று ஒரு வியாபாரத்துக்கு வேண்டிய ஒழுங்கெல்லாம் அதற்கு வேண்டியிருந்தது.

சம்பளத்துக்கு உச்சவரம்பு எது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது, அது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் காயமடைந்த போர்வீரர்களுக்கான பெரிய அமைப்பொன்று ஊழியர் கூட்டங்களுக்கும் பயணங்களுக்கும் தாராளமாகச் செலவிட்டது என்று 2016 தொடக்கத்தில் செய்திகள் வந்தன. சில வாரங்களில் அதன் தலைவர் நீக்கப்பட்டார், நன்கொடை சரிந்தது. நிர்வாகச் செலவு முதலீடுதான் என்று வெளிப்படையாக வாதாடிவந்தவர் அவர். அந்த வாதத்தையே போர்வையாக்கி எதையும் செலவிடலாம் என்று யாரும் நினைக்கக்கூடாது. ஆகவே சம்பளம் எவ்வளவு, யார் தீர்மானித்தார்கள், எந்த அளவுகோலில் என்பதை நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் தானாக அச்சிடவேண்டும். நன்கொடையாளர் துருவிக் கேட்டபின் சொல்வது பாதி மறைத்ததற்குச் சமம்.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு மிகவும் மெலிந்தது. மகாராஷ்டிரத்தில் 1950-ம் ஆண்டின் சட்டத்தால் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அறநிறுவன ஆணையர் இருக்கிறார். இங்கே இந்துக் கோயில்களுக்கு அறநிலையத்துறை உண்டு, சங்கங்களுக்கு 1975-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் உண்டு. மதம் சாராத பொது அறக்கட்டளைகளுக்கென்று அப்படியொரு மாநில ஆணையர் இல்லை. தெருவில் நின்றும் தொலைபேசியிலும் நன்கொடை கேட்பதற்கு எழுதப்பட்ட பொது நெறிமுறையும் இல்லை. அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் நிறுவனங்களே கூடிச் செய்யக்கூடியவை இருக்கின்றன. கமிஷனை ஒழித்து மாதச் சம்பளம் தருவது, வேண்டாம் என்றவரின் எண்ணை எல்லாரும் பட்டியலிலிருந்து நீக்குவது, புதிதாகச் சேர்பவரை முதல் மாதம் களத்துக்கு அனுப்பிப் பார்க்கவைப்பது, அவருக்கு அடுத்த பத்தாண்டுக்குப் பதவி உயர்வின் படிகளை எழுதிக்கொடுப்பது ஆகியவை அவற்றில் சில. கொடுப்பவர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. கம்பெனியின் சி.எஸ்.ஆர். அதிகாரி, தொண்டு நிறுவனம் கொண்டுவரும் பட்ஜெட்டில் கணக்கரின் சம்பளத்தையும் நிதி திரட்டுபவரின் சம்பளத்தையும் சிவப்பு மையால் அடிப்பதை நிறுத்தலாம். சட்டம் அவரை அப்படி அடிக்கச் சொல்லவில்லை.